குப்பை லாரி என்றைக்கு வரும்? பிரிக்பீல்ட்ஸ், கிள்ளானுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வரும் ஒருவர் முதல் வாரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயங்கள் சில உண்டு. சிம் கார்டு எங்கே வாங்குவது, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை எது, ரயிலில் எப்படிப் போவது, இட்லி எங்கே நன்றாக இருக்கும் என்றெல்லாம் கேட்பார்கள். குப்பையை எங்கே போடுவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஆனால் இங்கே அதற்கும் சட்டம் உண்டு, கிழமை உண்டு, அபராதம் உண்டு. 2026 ஜனவரி 1 முதல் பொது இடத்தில் குப்பை போட்டால் நீதிமன்றம் 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். 12 மணி நேரம் வரை சமூக சேவை செய்யும்படியும் உத்தரவிடலாம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதாவது, உச்ச அபராதம் விழுந்தால் ஒரு மாதச் சம்பளம் முழுவதும் போய், அதற்கு மேலும் கொடுக்க வேண்டியிருக்கும்.

ரிங்கிட்டைத்தான் இங்குள்ள தமிழர்கள் 'வெள்ளி' என்கிறார்கள். 'இருபது வெள்ளி' என்றால் இருபது வெள்ளிக்கிழமை அல்ல என்பது புதியவர்களுக்கு ஓரிரு நாளில் புரிந்துவிடும். குப்பை விதிகள் அப்படிப் பேச்சோடு பேச்சாகப் புரிவதில்லை. அவை பெரும்பாலும் மலாய் மொழி அறிவிப்புப் பலகைகளில் இருக்கின்றன. அவற்றைத் தமிழில் தொகுத்துத் தருவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் கேட்க வேண்டியது: நான் இருப்பது எந்த மன்றத்தின் எல்லை?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் ஒரே தடத்தில் போய்விடலாம். சாலை வழியாக, கூட்டரசு நெடுஞ்சாலையில் போனால், வழியில் சாலையின் மேலே ஒரு பெரிய வளைவு வரும். அதன் பெயர் கோத்தா டாருல் ஏசான். கோலாலம்பூர் முடிந்து சிலாங்கூர் மாநிலம் தொடங்குவதை அது காட்டுகிறது. ஒரு காலத்தில் கோலாலம்பூரும் சிலாங்கூரின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது. 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி அது தனியே பிரிக்கப்பட்டுக் கூட்டரசுப் பிரதேசமானது.

குப்பைக்கும் இந்த வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. அந்த வளைவைத் தாண்டினால் குப்பை நிர்வாகமே மாறுகிறது.

கோலாலம்பூர் பக்கம், அதாவது பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், பங்சார், செராஸின் பெரும்பகுதி ஆகிய இடங்களில், திடக்கழிவு மற்றும் பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம் 2007 நடப்பில் உள்ளது. இதைச் 'சட்டம் 672' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2011 செப்டம்பர் 1 முதல் இது அமலாகிறது. இதைக் கண்காணிக்கும் அமைப்பு எஸ்டபிள்யூ கார்ப். வீட்டு வாசலில் வந்து குப்பை அள்ளுவது அலாம் ஃபுளோரா நிறுவனம். புத்ராஜெயா, பகாங் ஆகிய இடங்களிலும் இதே நிறுவனம்தான்.

சிலாங்கூர் மாநிலம் சட்டம் 672-ஐ ஏற்கவில்லை. ஆகவே கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா ஆகிய ஊர்களில் குப்பை என்பது அந்தந்த ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. அள்ளும் வேலையை மாநில அரசு நிறுவனமான கேடிஇபி கழிவு மேலாண்மை நிறுவனம் கவனிக்கிறது. கிள்ளானுக்கான மன்றம் 2024 பிப்ரவரியில் தகுதி உயர்ந்து கிள்ளான் அரச மாநகர் மன்றமானது. பழைய பலகைகளில் 'எம்பிகே' என்றும் புதியவற்றில் 'எம்பிடிகே' என்றும் பார்ப்பீர்கள். இரண்டும் ஒரே மன்றம்தான்.

இது தெரியாததால் வரும் குழப்பம் அதிகம். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அண்ணன் சொன்ன கிழமையை நம்பிக் கிள்ளானில் இருக்கும் தம்பி குப்பையை வெளியே வைத்தால், அது அங்கேயே கிடக்கும். நாய் கிழித்துப் போடும். மழை வந்தால் சாக்கடைக்குள் போகும்.

உங்கள் வாடகை வீட்டின் மதிப்பீட்டு வரி ரசீதில் மன்றத்தின் பெயர் இருக்கும். ரசீது வீட்டுக்காரரிடம் இருந்தால் அவரிடம் கேளுங்கள். பொதுவாக, குப்பை அள்ளுவதற்கென வாடகைக்கு இருப்பவர் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

கோலாலம்பூரில்: இரண்டு நாள் ஒன்று, ஒரு நாள் இன்னொன்று

சட்டம் 672 நடப்பில் உள்ள இடங்களில் குப்பை அள்ளும் முறைக்கு 'இரண்டு கூட்டல் ஒன்று' என்று பெயர். வாரத்தில் இரண்டு நாள் சாதாரண வீட்டுக் குப்பையை அள்ளுவார்கள். மூன்றாவது நாள் மறுசுழற்சிப் பொருள்கள், பெரிய சாமான்கள், தோட்டக் குப்பை ஆகியவற்றை எடுப்பார்கள்.

வீட்டிலேயே பிரித்துப் போடுவது 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். 2016 ஜூன் 1 முதல் மீறுவோருக்குச் சம்மன் கொடுக்கும் முறையும் வந்தது. தரை வீடுகளுக்கு முதல் முறை 50 வெள்ளி, இரண்டாம் முறை 100 வெள்ளி, மூன்றாம் முறை 500 வெள்ளி. அதற்கும் மேல் போனால் நீதிமன்றம். அங்கே 1,000 வெள்ளி வரை அபராதம்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு வாசலில் லாரி வராது. ஒவ்வொரு மாடியிலோ கீழ்த்தளத்திலோ குப்பை அறை இருக்கும். அங்கே பிரித்துப் போடத் தனித்தனித் தொட்டிகள் வைப்பது கட்டட நிர்வாகத்தின் வேலை. அதில் ஒழுங்காகப் போடுவது நம் வேலை. குப்பைப் பையைப் படிக்கட்டில் 'காலையில் எடுத்துக்கலாம்' என்று வைப்பது பல கட்டடங்களில் தகராறுக்குக் காரணமாகிறது. மாடியிலிருந்து கீழே வீசுவது அதைவிட மோசம். அது யாருடைய தலையிலாவது விழுந்தால் விஷயம் குப்பைச் சட்டத்தோடு நிற்காது.

இங்கே பிரிக்கும் கோடு வேறு

ஊரில் நமக்குக் கற்றுக்கொடுத்தது மக்கும் குப்பை, மக்காத குப்பை. பச்சைத் தொட்டியில் காய்கறித் தோல், நீலத் தொட்டியில் பிளாஸ்டிக். தூய்மைப் பணியாளர் வண்டியோடு வாசலுக்கு வருவார். தவறிக் கலந்துவிட்டால், "என்னம்மா இப்படிப் போட்டிருக்கீங்க" என்று கேட்பார்.

இங்கே அந்தப் பாடத்தை அப்படியே பின்பற்றினால் தவறாகிவிடும். கோலாலம்பூரில் கோடு வேறு இடத்தில் இருக்கிறது. சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கும் மறுசுழற்சிப் பொருள் ஒரு பக்கம். மற்றதெல்லாம் இன்னொரு பக்கம். சோறு, குழம்பு, வாழை இலை, டயப்பர், எண்ணெய் பிடித்த பொட்டலம், கிழிந்த அழுக்குப் பிளாஸ்டிக் எல்லாம் ஒரே சாதாரணக் குப்பைதான்.

ஆகவே சாம்பார் ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாவை 'இது மக்காதது' என்று மறுசுழற்சிப் பையில் போட்டால், கூடவே உள்ள காகிதமும் நனைந்து கெட்டுவிடும். ஒன்று, டப்பாவைக் கழுவிக் காயவைத்துப் போட வேண்டும். இல்லையென்றால் சாதாரணக் குப்பையில் போட வேண்டும்.

பொது இடங்களில் உள்ள மறுசுழற்சித் தொட்டிகளின் நிறங்கள் நாடு முழுக்க ஒன்றுதான். நீலம் காகிதத்துக்கு. பழுப்பு கண்ணாடிக்கு. ஆரஞ்சு பிளாஸ்டிக், அலுமினிய டின், இரும்பு டின்னுக்கு. ஊரில் நீலம் என்றால் பிளாஸ்டிக்கும் சேர்த்து என்று பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உடைந்த கண்ணாடியைத் தடித்த காகிதத்தில் சுற்றிக் கட்டிப் போடுங்கள். பையைத் தூக்குகிறவர் கை அது.

கிள்ளானில்: கட்டாயம் குறைவு, பொறுப்பு குறையவில்லை

கிள்ளானில் சட்டம் 672 இல்லாததால், வீட்டில் பிரிக்காததற்காகக் கோலாலம்பூரில் தருவது போன்ற சம்மன் அந்தச் சட்டத்தின் கீழ் வராது. ஆனால் குப்பை போடுவது தொடர்பான மன்ற விதிகள் உண்டு. 2026-இல் வந்த சமூக சேவைத் தண்டனைக்காக நாடாளுமன்றம் சட்டம் 672-ஐ மட்டும் திருத்தவில்லை. சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974, ஊராட்சிச் சட்டம் 1976 ஆகியவற்றையும் சேர்த்துத்தான் திருத்தியது. சட்டம் 672-ஐ ஏற்காத மாநிலங்களையும் உள்ளடக்குவதே அதன் காரணம்.

லாரி வரும் கிழமை ஒவ்வொரு தாமானுக்கும் மாறும். 'ஐகிளீன் சிலாங்கூர்' என்ற செயலியில் கேடிஇபியின் சேவைகளைப் பார்க்கலாம், புகாரும் செய்யலாம். செயலியைவிட எளிய வழி பக்கத்து வீட்டுக்காரர். "அங்கிள், குப்பை லாரி என்னைக்கு வரும்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பக்கத்தில் மலாய்க் குடும்பம் என்றால், "லோரி சம்பா டத்தாங் ஹாரி ஆப்பா?" என்று கேட்கலாம். குப்பை லாரி எந்த நாள் வரும் என்பதே அதன் பொருள். இந்த ஒரு கேள்வியில் அக்கம்பக்கத்துப் பழக்கமும் தொடங்கிவிடும்.

சாலையில், கடையில், ரயில் நிலையத்தில்

புதிய சட்டம் பெரிய மூட்டைகளைக் கொட்டுகிறவர்களை மட்டும் குறிவைப்பதில்லை. சிகரெட் துண்டு, தண்ணீர்ப் போத்தல், டிஷ்யூ போன்ற சிறு குப்பையும் அதில் அடங்கும். சமூக சேவை என்பது பொது இடங்களில் துப்புரவு வேலை. குறிப்பிட்ட காலத்துக்குள் அதைச் செய்து முடிக்க வேண்டும். செய்யாவிட்டால் மேலும் பெரிய அபராதம் வரும். இது குடிமக்களுக்கு மட்டுமல்ல, வெளிநாட்டினருக்கும் பொருந்தும்.

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பூக்கடை, பலகாரக் கடை, துணிக்கடை என்று எல்லாம் இருக்கின்றன. நடக்கும்போது நம் ஊர்க் கடைத்தெரு போலவே தோன்றும். அந்த நினைப்பில் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவதும், வெற்றிலை போட்டுவிட்டுத் தூண் ஓரமாகத் துப்புவதும் நடக்கிறது. தொட்டி கண்ணில் படும்வரை கையிலேயே வைத்திருங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் ஒரு சிறு காகிதப் பையை வைத்துக்கொள்வது நல்லது.

உணவகங்களில் புகைபிடிக்கத் தடை 2019 ஜனவரி 1 முதல் இருக்கிறது. ஐந்தடியில் நிறுத்தப்பட்ட மேசைக்கும் அது பொருந்தும். வெளியே நின்று பிடித்துவிட்டுத் துண்டைச் சாக்கடையில் தட்டிவிட்டால் அது வேறொரு குற்றம்.

பிளாஸ்டிக் பை விஷயத்தில் நமக்கு அவ்வளவு வேறுபாடு தெரியாது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை வந்ததும் 2019 ஜனவரி 1-இல்தான். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. சிலாங்கூரில் 2010-இலேயே சனிக்கிழமைகளில் இலவசப் பை இல்லை என்ற வழக்கம் தொடங்கியது. 2017 ஜனவரி 1 முதல் எல்லா நாளும் பை ஒன்றுக்கு 20 காசு. ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சப்பை பெட்டியில் மடிந்து கிடந்தால் வெளியே எடுங்கள். இங்கேயும் அதற்கு வேலை இருக்கிறது.

உணவைக் கட்டிக் கொடுப்பதை இங்கே 'தாப்பாவ்' என்பார்கள். தேநீரையும் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஓரத்தில் கட்டி, உறிஞ்சுகுழாய் போட்டுத் தருவார்கள். அந்தப் பை மறுசுழற்சிக்கு ஆகாது. தினமும் இருவேளை வாங்குகிறவர் ஒரு டிஃபன் கேரியரும் ஒரு ஃபிளாஸ்கும் கொண்டுபோனால், பெரும்பாலான தமிழர் கடைகளில் அதிலேயே போட்டுத் தருவார்கள்.

லாரி எடுக்காதவை

குப்பை லாரி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் என்று நினைப்பது தவறு. கீழ்க்கண்டவற்றுக்கு வேறு வழி உண்டு.

பழைய மெத்தை, சோபா, அலமாரி: இவை பெரிய சாமான்கள். கோலாலம்பூரில் மறுசுழற்சி நாளில் எடுப்பார்கள். கிள்ளானில் அதற்கென உள்ள நாளைக் கேட்டு வைக்க வேண்டும். தீபாவளிக்கு முன் வீடு ஒதுக்கும்போது எல்லாரும் ஒரே வாரத்தில் வெளியே தள்ளுவார்கள். இரண்டு மூன்று வாரம் முன்கூட்டியே தொடங்கினால் சாமான்கள் தெருவில் கிடக்காது.

வீடு திருத்திய கல், மண், ஓடு: இதை வீட்டுக் குப்பையோடு எடுக்க மாட்டார்கள். வேலை செய்த குத்தகையாளர்தான் கொண்டுபோக வேண்டும். 'ரோரோ' எனப்படும் பெரிய இரும்புத் தொட்டியை வாடகைக்கு எடுக்கும் வழியும் உண்டு. 'நான் குறைந்த விலையில் எடுத்துப் போறேன்' என்று வரும் லாரி, ஆற்றோரத்திலோ செம்பனைத் தோட்டத்திலோ கொட்டிவிட்டுப் போனால், விசாரணை உங்கள் வீட்டு முகவரி உள்ள தாளில் தொடங்கலாம்.

பொரித்த எண்ணெய்: தொட்டியில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைக்கும். இங்குள்ள கழிவுநீர்க் குழாய்களைப் பராமரிப்பது இண்டா வாட்டர் நிறுவனம். அடைப்பு உங்கள் வீட்டுக்குள் என்றால் செலவு உங்களுடையது. ஆறவைத்துப் போத்தலில் சேர்த்து வையுங்கள். பயன்படுத்திய எண்ணெயைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மின்கலம், பழைய கைப்பேசி, கெட்ட மின்விசிறி: இவை மின்கழிவு. பல பேரங்காடிகளில் இதற்கென பெட்டிகள் உண்டு.

மீந்துபோன மருந்து: அரசாங்க மருத்துவமனை, கிளினிக் மருந்தகங்களில் திருப்பிக் கொடுக்கலாம்.

பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, இரும்பு: ஊரில் பழைய பேப்பர்காரர் வருவது போலவே இங்கேயும் வருவார். ஒலிபெருக்கி கட்டிய சிறு லாரியில் 'சூராட் கபார் லாமா' என்று அறிவித்துக்கொண்டு வருவார். பழைய செய்தித்தாள் என்பதுதான் அதன் பொருள். எடை போட்டுக் காசும் தருவார்.

போகி, பூசை, ஆறு

போகியன்று பழைய பாய், துணிகளை எரிப்பது ஊர் வழக்கம். இங்கே திறந்தவெளியில் குப்பை எரிப்பது சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இன் கீழ் கடும் குற்றம். வீட்டில் கற்பூரம், சாம்பிராணி ஏற்றுவது வேறு. வாசலில் பாயைக் கொளுத்துவது வேறு. இங்கு பிறந்து வளர்ந்த குடும்பங்கள் பெரும்பாலும் போகியன்று பழையதை ஒதுக்கிக் கட்டி வைப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன.

பூசைக்குப் பயன்படுத்திய பூமாலை, வாழை இலை, தேங்காய் மட்டை ஆகியவற்றைக் குப்பையில் போட மனம் வராமல், ஆற்றில் விடுகிறவர்கள் உண்டு. அந்த மனம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் கிள்ளான் ஆற்றின் நிலை வேறு. மிதந்து வரும் குப்பையைப் பிடிக்க 2019-இல் கிள்ளானில் 'இன்டர்செப்டர்' என்ற மிதவை இயந்திரத்தை நிறுத்தினார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த தி ஓஷன் கிளீனப் அமைப்பின் கருவி அது. நாம் விடும் மாலையும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். தோட்டம் இருந்தால் பூவை மண்ணில் புதைக்கலாம். இல்லையென்றால் தனிப் பையில் கட்டிக் குப்பையோடு வைப்பதில் தவறில்லை. பூவைக் கட்டிய நூலையும் பிளாஸ்டிக்கையும் முதலில் நீக்கிவிடுங்கள்.

தேங்கிய தண்ணீரும் குப்பைதான்

வாசலில் கிடக்கும் காலி டப்பா, தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். நாட்டிலேயே டெங்கி அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். சுகாதாரத் துறை அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனைக்கு வருவார்கள். நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975-இன் கீழ், கொசுப்புழு கிடைத்தால் 500 வெள்ளி சம்மன். வீட்டுக்காரர் பெயரில் வருமா, குடியிருப்பவர் பெயரில் வருமா என்று வாதாடுவதைவிட, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் சுற்றிப் பார்ப்பது எளிது.

வாசலோரச் சாக்கடையை இங்கே 'லோங்காங்' என்பார்கள். பெரிய மழை அரை மணி நேரம் கொட்டினாலும் அது நிரம்பி ஓடும். அதில் ஒரு பை அடைத்தால் தண்ணீர் சாலைக்கு வரும்.

அள்ளிய பிறகு எங்கே போகிறது?

கொடுங்கையூர், பெருங்குடி, வெள்ளலூர் என்று ஊரில் குப்பைமேடுகளின் பெயர் நமக்குத் தெரியும். அந்தப் பக்கம் போனால் வாடையும் தெரியும். இங்கே குப்பை கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விடுகிறது.

கோலாலம்பூரின் குப்பை ஜின்ஜாங் அருகே உள்ள தாமான் பெரிங்கின் இடைமாற்று நிலையத்துக்குப் போய், அங்கே அழுத்தப்பட்டு, பெரிய லாரிகளில் சிலாங்கூரின் வடக்கே உள்ள புக்கிட் தாகார் நிலநிரப்பு மையத்துக்குச் செல்கிறது. கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா ஆகியவற்றின் குப்பைக்காக 2007-இல் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஜெராம் நிலநிரப்பு மையம் செயல்படத் தொடங்கியது. நாட்டின் மறுசுழற்சி விகிதம் 2023-இல் 35.38 விழுக்காடு. மீதி பெரும்பாலும் மண்ணுக்குள்தான் போகிறது.

கோலாலம்பூரில் துப்புரவுக்கென சுகாதார வாரியம் அமைந்தது 1890-இல். அந்தக் காலம் தொட்டுப் பல தலைமுறைகளாக, இந்த நகரத்தின் தெருவைக் கூட்டியவர்களிலும் சாக்கடையைச் சுத்தம் செய்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல குடும்பங்களுக்கு, தாத்தாவோ பாட்டியோ செய்த வேலை அது. இன்று அந்த இடத்தில் வேறு நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர் நிற்கிறார்கள். அவர்களும் நம்மைப் போலவே ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள்.

பத்துப் பேர் தங்கும் வீட்டில் யார் பொறுப்பு?

குடும்பமாக வருகிறவர்களுக்கு மேலே சொன்னவை போதும். உணவகம், முடிதிருத்தும் கடை, துணிக்கடை, நகைப்பட்டறை ஆகியவற்றில் வேலை செய்ய வருகிறவர்களின் நிலை வேறு. முதலாளி எடுத்துக் கொடுத்த ஹாஸ்டலில் எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து தங்குகிறார்கள். காலை வேலைக்குப் போகிறவர் ஒருவர், நள்ளிரவில் திரும்புகிறவர் ஒருவர். குப்பை எல்லாருடையது என்பதால் யாருடையதும் இல்லை என்றாகிவிடுகிறது. பை நிரம்பி வழியும். யாரோ ஒருவர் இரவில் வேலை முடிந்து வரும்போது அதைத் தூக்கிக்கொண்டு போய், பக்கத்துத் தெருவில் விளக்குக் கம்பத்தடியில் வைத்துவிடுவார். கெட்ட எண்ணம் இல்லை, லாரி வரும் நாள் தெரியாததுதான் காரணம். ஆனால் அப்படி வைப்பது சட்டப்படி குற்றம். பிடிபடுகிறவர், பையைத் தூக்கிய அந்த ஒருவர்தான்.

இதில் முதலாளிகளுக்கும் பங்கு உண்டு. வேலைக்கு வந்தவரிடம் கடை விதிகளைச் சொல்கிறோம். தங்கும் இடத்தின் விதிகளையும் முதல் நாளே சொல்ல வேண்டும். மூடி உள்ள தொட்டி ஒன்று, மறுசுழற்சிக்கு ஒரு பை, சுவரில் ஒரு தாள். இதற்கு ஆகும் செலவு ஒரு சம்மனைவிடக் குறைவு. கடையின் குப்பையை ஹாஸ்டல் தொட்டியிலோ, வீட்டுக் குப்பையைக் கடைத் தொட்டியிலோ போடச் சொல்லவும் கூடாது.

அதிகாரி வந்து கேட்டால் பதறி ஓட வேண்டாம். கடப்பிதழ் அல்லது பெர்மிட்டைக் காட்டுங்கள். கொடுக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாவிட்டால், மலாய் தெரிந்த ஒருவரிடம் அன்றே காட்டிக் கேளுங்கள். பணம் கட்டுவது என்றால் தாளில் குறிப்பிட்ட முறையில் மட்டும் கட்டி, ரசீது வாங்குங்கள். தெருவில் யார் கையிலும் ரொக்கம் கொடுக்க வேண்டாம். நீதிமன்றத் தேதி போட்டிருந்தால் கண்டிப்பாகப் போக வேண்டும். போகாவிட்டால் சிறிய விஷயம் பெரிதாகிவிடும். முதலாளியிடம் மறைப்பதும் உதவாது.

பலகையில் பார்க்கும் மலாய்ச் சொற்கள்

சம்பா – குப்பை. நம் ஊர் அரிசி அல்ல.
தோங் சம்பா – குப்பைத்தொட்டி.
டிலாராங் புவாங் சம்பா – குப்பை போடாதீர்.
கிதார் செமுலா – மறுசுழற்சி.
கெர்த்தாஸ் – காகிதம்.
காச்சா – கண்ணாடி.
சீசா மக்கானான் – உணவுக் கழிவு.
சம்பா புக்கால் – பெரிய சாமான்கள்.
டெண்டா – அபராதம்.

ஹாஸ்டல் கதவில் ஒட்டிவைக்க

இந்தப் பகுதியை எழுதியோ அச்சடித்தோ கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளலாம். கோடிட்ட இடங்களைப் பக்கத்து வீட்டில் கேட்டு நிரப்புங்கள்.

1. நாம் இருப்பது ______ மன்றத்தின் எல்லையில்.
2. சாதாரணக் குப்பை எடுக்கும் நாள்: ______, ______.
3. மறுசுழற்சி, பெரிய சாமான் எடுக்கும் நாள்: ______.
4. கழுவிக் காய்ந்தது மட்டும் மறுசுழற்சிப் பையில். அழுக்கானது சாதாரணக் குப்பையில்.
5. எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதே. போத்தலில் சேர்த்து வை.
6. இந்த வாரம் குப்பை எடுத்து வைப்பவர்: ______. அடுத்த வாரம்: ______.
7. குப்பைப் பையை நம் தொட்டியைத் தவிர வேறு எங்கும் வைக்காதே.

ஆறாவது வரியில் ஒரு பெயர் எழுதப்பட்டுவிட்டால், மற்ற ஆறும் பெரும்பாலும் தானாக நடக்கும்.